பினாங்குத் தேவாலயத்தின் மெட்ராஸ் கூரை

(கேமரன் மலையின் திரிங்காப்பில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மலை முழுக்க மழை பிடித்துக்கொண்ட மாலை இது. லாரியில் கோசும் தக்காளியும் ஏற்றிவிட்ட கையோடு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். தோட்டத்து லயங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த தாய்மார்களும் இருக்கிறீர்கள். பெரிய நகரத்தில் இருக்கும் பழைய ஆலயம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை எடுத்துக்கொண்டேன். ஏன் அதை எடுத்தேன் என்பது போகப் போகத் தெரியும்.

நம் ஆட்கள் மலையை விட்டு இறங்கினால் பெரும்பாலும் எங்கே போகிறோம்? கம்போங் ராஜாவைத் தாண்டி, சிம்பாங் பூலாய் இறங்கி, ஈப்போ வழியாகப் பினாங்குக்குத்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில். பள்ளி விடுமுறைக்குக் கடற்கரை. கல்யாணத்துக்குத் துணி எடுக்க லிட்டில் இந்தியா. கொம்தார் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஃபார்குவார் சாலையில், பெரிய மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம் நிற்கிறது. முகப்பில் பருத்த தூண்கள், மேலே எண்கோணத்தில் எழும்பி ஊசியாக முடியும் கோபுரம். 'வெள்ளைக்காரன் கோயில்' என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் பேருந்து நம்மைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறது.

நான் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டடத்துக்குள் போகும்போதெல்லாம் உறவுக்காரர் வீட்டுக்குள் போகும் உணர்வு எனக்கு வருகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத்தான் உங்கள் முன்னால் வைக்கப்போகிறேன்.

முதலில் கட்டடத்தின் பிறப்பு. பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்டார். அப்போதே நம்மவர்கள் அங்கே வரத் தொடங்கிவிட்டார்கள். நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் கரைகளிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களையும் கூலிகளையும் 'சூலியா' என்று குறித்தார்கள். இன்றைய சூலியா தெருவின் பெயர் அதிலிருந்து வந்ததே. 1805-இல் கம்பெனி பினாங்கை வங்காளம், சென்னை, பம்பாய்க்கு அடுத்த நான்காவது மாகாணமாக உயர்த்தியது. ஆளுநர் வந்தார், அதிகாரிகள் வந்தார்கள், ஆனால் அவர்கள் வழிபடுவதற்கென்று முறையான ஆலயம் இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் இருந்த சிற்றாலயத்திலும், பிறகு நீதிமன்றக் கட்டடத்திலும் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் என்ற பாதிரியார் வந்த பிறகுதான் வேலை சூடு பிடித்தது. 1816 அக்டோபரில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கியவரும் அவரே. சாதி, சமயம் பாராமல் ஆண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. தீவில் நிலைத்த பல தமிழ்க் குடும்பங்கள் பின்னாளில் அந்தப் பள்ளியால் எழுந்து நின்றன. அந்த மனிதருக்கு நன்றி சொல்லிவிட்டு மேலே போவோம்.

தேவாலயத்தை 1817-இல் கட்டத் தொடங்கி 1818-இல் முடித்தார்கள். அந்த ஆண்டே அங்கே முதல் திருமணம் நடந்தது. மணமகள் அப்போதைய ஆளுநர் பேனர்மனின் மகள், மணமகன் பின்னாளில் ஆளுநரான ஃபிலிப்ஸ். 1819 மே 11-ஆம் தேதி கல்கத்தா பேராயர் தாமஸ் ஃபான்ஷா மிடில்டன் வந்து ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். தென்கிழக்கு ஆசியாவில் ஆங்கிலிக்கன் சபைக்கென்றே கட்டிய ஆலயங்களில் இதுதான் மிகப் பழையது.

இனி சென்னைக்குப் போவோம். அண்ணா மேம்பாலத்தை ஒட்டிக் கடற்கரைப் பக்கம் போகும் சாலைக்குக் கதீட்ரல் சாலை என்று பெயர். அங்கே நிற்கும் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தை வைத்துத்தான் சாலைக்கு அந்தப் பெயர். ஜேம்ஸ் லில்லிமன் கால்டுவெல் என்ற இராணுவப் பொறியாளர் வரைந்தார், தாமஸ் டி ஹாவிலண்ட் கட்டி முடித்தார். 1815-இல் வேலை முடிந்தது, 1816 ஜனவரியில் பிரதிஷ்டை. செய்தவர் யார் தெரியுமா? அதே மிடில்டன். சென்னையிலும் பினாங்கிலும் ஒரே புனிதரின் பெயரில் இரண்டு ஆலயங்கள், மூன்றே ஆண்டு இடைவெளியில், ஒரே பேராயரின் கையால் பிரதிஷ்டை. பினாங்குத் தேவாலயத்தின் வடிவத்துக்குச் சென்னைப் பேராலயமே முன்மாதிரி என்று கட்டடக்கலை பற்றி எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். பினாங்கில் வேலையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ராபர்ட் ஸ்மித். அவரும் இராணுவப் பொறியாளர், அதோடு நல்ல ஓவியர். அவர் வரைந்த பினாங்குக் காட்சிகள் இன்றும் அந்தத் தீவின் பழைய முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

சென்னையில் வாழும் உங்கள் உறவினர்கள் கதீட்ரல் சாலையில் பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஃபார்குவார் சாலையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பேரும் பார்ப்பது அக்காவையும் தங்கையையும். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் பிறந்தது அந்த அக்கா வீட்டில்தான். ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன் என்று பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாகச் சேர்ந்த நாள் அது. அந்த ஒற்றுமையை உலகக் கிறித்தவம் இன்றும் பேசுகிறது.

இப்போது கூரைக்கு வருகிறேன். இந்தப் பேச்சின் தலைப்பே அதுதான்.

இன்று நீங்கள் போனால் பினாங்குத் தேவாலயத்தில் சரிவான கூரையைப் பார்ப்பீர்கள். முதலில் அது அப்படி இல்லை. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தட்டையான கூரைதான் போட்டார்கள். சென்னையிலும் மதுரையிலும் தஞ்சையிலும் நூறு வருஷத்துப் பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். தேக்கு உத்தரங்களை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் விளிம்பு கீழாக நிறுத்தி, சாய்வாக அடுக்கிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டு கிடையாது. கொத்தனாரின் கை வேகமும் சாந்து பிடிக்கும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். அது இறுகிய பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள். வெயிலை உள்ளே விடாது, ஆளையும் தாங்கும், சாயங்காலம் மேலே ஏறிக் காற்று வாங்கலாம்.

அப்படிப்பட்ட கூரையைப் பினாங்கில் போட்டதுதான் சிக்கல். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். பினாங்கில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும், ஏறக்குறைய எல்லா மாதமும் பெய்யும். மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நெகிழிக் கூரைக்குக் கீழே செடி வளர்க்கிறவர்கள் நீங்கள். தட்டைக் கூரையில் நீர் தங்கினால் என்ன ஆகும் என்று தெரியும். சுண்ணாம்பு காய நேரம் கிடைக்காது, உத்தரம் ஊறும், ஒழுகும். கடைசியில் 1864-இல் தட்டைக் கூரையை மாற்றிச் சரிவுக்கூரை ஆக்கினார்கள். நம் ஊர்க் கொத்துவேலை ஏறக்குறைய 46 வருஷம் அந்தத் தீவின் மழையோடு மல்லுக்கட்டியிருக்கிறது. அது தோற்றுப்போனது என்று நான் சொல்லமாட்டேன். வேறு மண்ணுக்காகப் பழகிய கைத்திறன் புது மண்ணில் தன்னால் முடிந்தவரை நின்றது. கடல் தாண்டி வந்த முதல் தலைமுறைகளும் அப்படித்தானே நின்றன.

சரி, அந்தச் செங்கல்லைச் சுமந்தது யார்?

வரைபடம் போட்டவர் பெயர் இருக்கிறது. பணம் ஒதுக்கிய ஆளுநர் பெயர் இருக்கிறது. பிரதிஷ்டை செய்தவர் பெயர் இருக்கிறது. முதல் கல்யாணத்தின் மணமக்கள் பெயர்கூட இருக்கிறது. தேவாலயத்தின் வரலாற்றைச் சொல்லும் நூல்களில் வேலை செய்தவர்களைப் பற்றி ஒரே சொல் வருகிறது: கைதிகள். இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தண்டனைக் கைதிகள்.

இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1790 வாக்கிலிருந்து கம்பெனி அரசு பினாங்கைத் தண்டனைத் தீவாகப் பயன்படுத்தியது. வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்தும் ஆட்களை அனுப்பினார்கள். கொலை, கொள்ளை செய்தவர்கள் இருந்தார்கள். அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்களும் இருந்தார்கள். எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்திக் 'கைதி' என்று எழுதினார்கள். ஆயுள் தண்டனை பெற்ற பலரின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் இருந்தது. 1849-இல்தான் அதைக் கைவிட்டார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும், செத்தால் கொள்ளி வைக்க ஆள் இருக்காது என்று நம்பிய காலம். தண்டனையைவிட அந்தப் பயணமே அவர்களுக்குப் பெரிய தண்டனை. தீவில் சாலை வெட்டியது, வாய்க்கால் தோண்டியது, சதுப்பை மேடாக்கியது, அரசுக் கட்டடங்களை எழுப்பியது பெரும்பாலும் அவர்களே. பிறகு மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் இதே கதை. இந்த மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் 1873-இல்தான் இந்த ஏற்பாடு முற்றாக முடிந்தது.

இங்கே ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயர் கிடைத்ததே அபூர்வம்.

1801 அக்டோபர் 24-ஆம் தேதி, கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அது நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளி மேடையில் பெரிய மருதுவாக மீசை ஒட்டிக்கொண்டு நடித்த பிள்ளைகள் இந்த அவையிலேயே இருப்பார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது? 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகளை விலங்கிட்டுத் தூத்துக்குடியில் கப்பலேற்றினார்கள். கப்பல் சேர்ந்த இடம் பினாங்கு. அவர்களில் சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரும் இருந்தார். அதே ஆண்டு சுமத்ராவின் பெங்கூலன் கோட்டையில் அவர் இறந்துபோனார். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியும் அந்தக் கப்பலில் இருந்தான். அப்போது அவனுக்கு ஏறக்குறைய 15 வயது. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் படிவம் மூன்று மாணவர்களைப் பாருங்கள், அந்த வயது.

அந்தக் கைதிகளுக்குக் காவலாகக் கப்பலில் போனவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி. போருக்கு முந்தைய நாள்களில் சின்ன மருதுவின் நண்பராக இருந்து, அவரிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர். பிறகு அவருக்கு எதிராகவே போரிட வேண்டியதாயிற்று. அவர் 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பு நூலில் இந்தச் செய்திகள் இருக்கின்றன. 1818-இல் அவர் மறுபடியும் பினாங்குக்கு வந்தபோது, உடல் ஒடிந்த கிழவரைப் போன்ற ஒருவர் அவர் முன்னால் வந்து நிற்கிறார். யார் என்று கேட்டால், துரைசாமி. முப்பதைத் தாண்டிய வயதிலேயே முதுமை வந்துவிட்டது. தன் குடும்பத்துக்குக் கடிதம் கொண்டுபோக முடியுமா என்று அவர் கேட்கிறார். அரசியல் கைதிகளிடமிருந்து கடிதம் வாங்கக்கூடாது என்ற விதி. வெல்ஷ் வாங்கவில்லை, வாங்க முடியவில்லையே என்று வருந்தி எழுதிவைத்திருக்கிறார்.

1818. நான் சற்று முன்பு சொன்ன அதே ஆண்டு. ஃபார்குவார் சாலையில் வெள்ளைத் தூண்கள் எழுந்து நின்றுவிட்டன. ஆளுநரின் மகளுக்கு அங்கே கல்யாணம். அதே தீவில் சின்ன மருதுவின் மகன் வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்ப வழியில்லாமல் நிற்கிறார். துரைசாமி அந்தத் தேவாலயத்துக்குச் செங்கல் சுமந்தார் என்று எந்தப் பதிவும் இல்லை. அப்படி நான் சொல்லவும் இல்லை. ஆனால் அவரைக் கொண்டுவந்த அதே ஏற்பாடுதான் அந்தச் செங்கல்லைச் சுமந்தவர்களையும் கொண்டுவந்தது. அந்தத் தூண்களுக்கு நடுவே நிற்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்கிறேன். தமிழர்கள் எல்லோரும் அப்படி நினைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கைதிகளின் கைவேலையைப் பற்றி முழுமையாகத் தெரிய வேண்டுமானால் சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைப் பார்க்க வேண்டும். 1856-இல் தொடங்கி, 1862-இல் பிரதிஷ்டை ஆன ஆலயம். அதைக் கட்டியவர்களும் இந்தியக் கைதிகள்தாம். அவர்களை மேற்பார்த்த மெக்நேர் என்ற அதிகாரி 1899-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதனால் நமக்கு விவரம் கிடைக்கிறது. சுவர்ப்பூச்சு மெட்ராஸ் முறை. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றையும் சேர்த்து இடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீரில் கரைத்துப் பூசினார்கள். காய்ந்த பிறகு வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த மெருகும் குளிர்ச்சியும் தெரியும். மெக்நேர் எழுதியதால் அந்தச் செய்முறை பிழைத்தது. பூசியவர்களின் பெயர்களை அவர் எழுதவில்லை.

பின்வரிசையிலிருந்து ஓர் ஐயா கேட்கிறார், "அப்படியானால் அந்த ஆலயத்தைப் பார்த்துக் கோபப்படச் சொல்கிறீர்களா?" இல்லை ஐயா. கோபம் வரும், வரட்டும். ஆனால் கோபத்தோடு திரும்பி வந்துவிட்டால், அந்தக் கட்டடத்தை நாம் இன்னொரு முறை பிறருக்குக் கொடுத்துவிட்டதாக ஆகும். நான் சொல்வது வேறு. அது நம்முடையதும்கூட என்ற உரிமையோடு உள்ளே போங்கள். ஒரு கட்டடத்தின் மேல் அதற்குப் பணம் கொடுத்தவனுக்கு இருக்கும் உரிமையைவிட, அதைத் தூக்கி நிறுத்தியவனின் பிள்ளைகளுக்கு இருக்கும் உரிமை குறைந்ததில்லை.

அந்த உரிமை வெறும் பேச்சில்லை, நடந்தும் இருக்கிறது. கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரத்தில் செயின்ட் மேரீஸ் பேராலயம் இருக்கிறது. ஏ. சி. நார்மன் வடிவமைத்து, 1894-இல் அடிக்கல் நாட்டி, 1895-இல் பிரதிஷ்டை செய்தது. ஒரு காலத்தில் ஆங்கில அதிகாரிகளும் துரைமார்களும் குடும்பத்தோடு வந்து உட்காரும் இடம் அது. 1970-இல் ஆங்கிலிக்கன் சபையின் மேற்கு மலேசியப் பேராயம் தனியாக உருவானது. 1973-இல் அதன் பேராயராக வந்தவர் ஜான் குருபாதம் சவரிமுத்து. நம் தமிழர். 1994 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். செயின்ட் மேரீஸ் பேராலயமாக உயர்ந்ததும் அவர் காலத்தில், 1983-இல். மெட்ராஸ் மாகாணத்து ஆட்களை விலங்கிட்டுக் கொண்டுவந்த அரசின் சபையில், நூற்றைம்பது வருஷம் கழித்துத் தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவர் பேராயர் இருக்கையில் அமர்ந்தார். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. நீங்கள் எந்தச் சமயமாக இருந்தாலும் உங்களுக்கும் இருக்க வேண்டும்.

பினாங்குக்குத் திரும்புவோம். அந்தத் தேவாலயம் போரையும் பார்த்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ்டவுனில் குண்டு போட்டபோது அது சேதமடைந்தது. பிறகு உள்ளே இருந்தவற்றைக் கொள்ளையடித்தார்கள். 1948-இல்தான் பழுது பார்த்து மறுபடியும் ஆராதனை தொடங்கியது. 2007-இல் தேசிய மரபுச் சின்னமாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முற்றத்தில் வட்டமாகத் தூண்கள் நிறுத்திக் குவிமாடம் வைத்த சிறு மண்டபம் இருக்கும். பினாங்கின் நூற்றாண்டை ஒட்டி 1886-இல் பிரான்சிஸ் லைட்டுக்காகக் கட்டியது. அதைப் பலர் கல்லறை என்று நினைத்துவிடுகிறார்கள். அவர் கல்லறை வேறு இடத்தில், பழைய புராட்டஸ்டன்ட் இடுகாட்டில் இருக்கிறது. ஆலயத்துக்குள் சுவரில் பதித்த நினைவுக் கற்களைப் படியுங்கள். பிள்ளைகளை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லாதீர்கள், அது வழிபாட்டு இடம். மெல்லப் படிக்கட்டும். ஆராதனை நடக்கும்போது போனால் பின்னால் உட்காருங்கள், படம் எடுக்காதீர்கள். வழிபாடு இல்லாத நேரத்தில் போனால் பெரும்பாலும் யாராவது பொறுப்பாளர் இருப்பார். அவரிடம் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்கிறவர்கள்தான் குறைவு.

பிறகு வெளியே வந்து பழைய பிட் தெருவில் தெற்கே நடங்கள். இப்போது அதற்கு மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை என்று பெயர். கொஞ்ச தூரத்தில் சீனர்களின் குவான் யின் கோயில். அதைத் தாண்டி உள்பக்கம் திரும்பினால் குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில், 1833-இல் எழுந்தது. இன்னும் போனால் காதர் முகைதீன் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பத்துப் பதினைந்து நிமிட நடையில் நான்கு சமயங்களின் வாசல்கள். அவற்றில் மூன்றைத் தமிழ்நாட்டோடு சேர்த்துத்தான் பேச முடியும். இந்த ஒரு நடைக்காகவே பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

இனி நம் மலைக்கு வருகிறேன். தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையில், சாலையை விட்டுச் சற்று உள்ளே, ஆல் சோல்ஸ் தேவாலயம் என்று ஒரு சின்ன ஆலயம் இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதுவும் ஆங்கிலிக்கன் ஆலயம். பினாங்கு ஆலயத்தின் தூணும் கோபுரமும் அதற்குக் கிடையாது. பிரிட்டிஷ் இராணுவம் கொடுத்த நிசன் கொட்டகையைக் கொண்டு அமைத்தது. நெளிதகட்டை அரைவட்டமாக வளைத்துத் தரையில் கவிழ்த்து வைத்த கொட்டகை. முதல் உலகப் போரின்போது பீட்டர் நிசன் என்ற இராணுவ அதிகாரி கண்டுபிடித்தது. நிலம் கொடுத்தவர் ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் அம்மையார். சிங்கப்பூரில் 1925-இல் டாங்ளின் பள்ளியைத் தொடங்கியவர். 1934-இல் இந்தக் குளிர்மலையில் ஒரு விடுதிப் பள்ளியையும் நடத்தத் தொடங்கினார். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் மலை முழுக்க இராணுவம் நின்றது. நம் திரிங்காப்பே அந்தக் காலத்துப் புதுக்கிராமம்தான். அந்தச் சூழலில்தான் ஓர் இராணுவக் கொட்டகை ஆலயமாக மாறியது.

அந்த ஆலயத்தின் வரலாற்றை அம்மையாரின் கொடையோடும் இராணுவத்தின் கொடையோடும் நிறுத்திவிடுகிறோம். பக்கத்திலேயே நம் வரலாறு இருக்கிறது. 1929-இல் ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை நட்டுப் பழகிய மில்ன் என்பவரோடு சேர்ந்து போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார் என்று சுற்றுலாப் பயணிகளுக்கான எல்லாப் பலகைகளும் சொல்கின்றன. காட்டை வெட்டிய தமிழர்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், முதல் லயத்தில் குடியிருந்த குடும்பங்கள் எவை? 1931-இல் திறந்த தாப்பா சாலைக்குக் கல் உடைத்தவர்கள் யார்? தோட்டத்துக் கோயிலுக்கு முதல் கல் வைத்த தண்டல் யார்? பினாங்கு விஷயத்தில் இருநூறு வருஷம் ஆகிவிட்டது, கேட்க ஆளில்லை. நம் மலையில் நூறு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அந்த முதல் தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால் என் வேண்டுகோள் இது. ஆசிரியர்கள் முன்வரட்டும், கோயில் நிர்வாகத்தினர் முன்வரட்டும், தேவாலயச் சபையார் முன்வரட்டும். வீட்டில் செக்ரோல் எனப்படும் பழைய வருகைப் பதிவுத் தாள், சம்பளச் சீட்டு, கடவுச்சீட்டு, கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நானச் சான்றிதழ் எது இருந்தாலும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தாத்தா, பாட்டி, அவர்கள் பெற்றோர், இறங்கிய துறைமுகம், வந்த ஊர், வேலை செய்த தோட்டம், இவற்றைப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதட்டும். பெரியவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். ஒரு பிரதி பள்ளி நூலகத்தில் இருக்கட்டும், ஒரு பிரதி கோயிலிலோ சபையிலோ இருக்கட்டும். மனம் இருந்தால் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் ஒன்று கொடுக்கலாம்.

வரும் பள்ளி விடுமுறையில் பினாங்குக்குப் போகிறவர்கள் ஃபார்குவார் சாலையில் இறங்கிப் பாருங்கள். அதற்கு முன்பு, நாளையே வேண்டுமானாலும், உங்கள் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் போய் உட்கார்ந்து, அவருடைய தாத்தாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.